வியப்பும் வழக்கமும்: சீறாப்புராண அற்புதங்களும் இக்கால மிகுபுனைவும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டி ஓடும் வெள்ளாறு கிழக்கு நோக்கிச் சென்று பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கின்றது. அவ்வாற்றின் தென்கரையில் இஸ்லாமியர் மிகுந்து வாழும் லப்பைக்குடிக்காடு அமைந்துள்ளது. ஆறு கடலைச் சேரும் பரங்கிப்பேட்டையிலோ, வள்ளல் சீதக்காதியின் மறைவுக்குப் பின்னர், அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தைத் தொடர்ந்து பாடினார் என்பது இலக்கிய வரலாறு. ஆகவே பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் தமிழ் பயில்வோர்க்குச் சீறா தொலைவிலிருந்து வந்த நூல் அன்று. தம் ஆற்றின் முகத்தில் வளர்ந்த நூல் எனலாம். எனினும் அந்நூலின் அற்புதப் பகுதிகளை எவ்வாறு கற்பது என்பதில் இன்று பெருங்குழப்பம் நிலவுகின்றது. அக்குழப்பத்தை நீக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். மதியை அழைப்பித்த படலம், தசைக்கட்டியைப் பெண்ணுருவமைத்த படலம், உடும்பு பேசிய படலம், மானுக்குப் பிணைநின்ற படலம், ஜின்கள் ஈமான் கொண்ட படலம் எனப் பல படலங்கள் அற்புதங்களையே பொருளாகக் கொண்டவை. இவற்றைக் கற்பார் இருவகைப்படுவர். ஆங்கில மாயக் கதைகளில் தோய்ந்த இளைஞர், ‘இவையும் அவை போன்றனவே; பழங்கால மிகுபுனைவு’ என்று மகிழ்வர். வரலாற்றுணர்வும் சமயச் சீர்திருத்த நோக்கும் உடையோர், ‘இவை புலவர் கூட்டிய புனைவுகள், நீக்கிக் கற்றலே நன்று’ என்பர். ஒருவர் பாராட்டுகின்றார், மற்றவர் பழிக்கின்றார். ஆயினும் இருவர்க்கும் அடிப்படை ஒன்றே: அற்புதம் என்றால் கற்பனை என்பது. இவ்வடிப்படை பொருந்தாது என்பதே எம் கருத்து.

மிகுபுனைவு என்னும் சொல்லை, இயற்கையின் வழக்கத்திற்கு மாறுபட்ட நிகழ்ச்சிகளைத் தனக்கெனச் சில விதிகளுடன் கூறும் இக்காலக் கதைவகைக்குரிய பெயராக ஈண்டு ஆளுகின்றோம். இவ்வகை இலக்கியத்திற்கும் இஸ்லாமியச் சிந்தனைக்கும் இடையே உண்மையான ஒப்புமைகள் உள. ஒப்புமை என்றதும் கடன் என்று கொள்ளற்க. யார் யாரிடம் பெற்றார் என்பது இங்கு நம் ஆராய்ச்சி அன்று. ஒரே வினாவை இரு மரபுகளும் எவ்வாறு எழுப்பின என்பதே ஆராய்ச்சி.

1. வழக்கம்

இமாம் கஸ்ஸாலி (1058–1111) மெய்யியலாரின் கொள்கைகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில், நெருப்பும் பஞ்சும் என்னும் சான்றினை எடுத்தாளுகின்றார். பஞ்சு நெருப்பைச் சேர்ந்தால் எரிகின்றது. நாம் காண்பது சேர்தலையும் எரிதலையுமே. சேர்ந்தமையால் எரிந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயத்தைக் கண்ணால் கண்டவர் இலர். இயற்கை எனப்படுவது இறைவன் நிலைநிறுத்திய வழக்கம். அரபியில் அதனை ‘ஆதத்’ என்பர். அற்புதம் என்பது அவ்வழக்கத்தைக் கிழிப்பது. ஆதலின் அதற்குக் ‘காரிக்குல் ஆதத்’ என்று பெயர். வழக்கத்தை அமைத்தவனே அதனை மாற்றவும் வல்லன் என்பது இக்கொள்கையின் சாரம்.

இக்கொள்கைக்கு எழக்கூடிய தடையைக் கஸ்ஸாலியே எழுப்பிக்கொள்கின்றார். எதுவும் நிகழலாம் எனின், வீட்டில் வைத்துவந்த நூல் திரும்பிச் செல்வதற்குள் ஓர் இளைஞனாகவோ விலங்காகவோ மாறியிருக்கும் என்று ஐயுற வேண்டாவோ? வேண்டா என்பது அவர் விடை. இயலும் என்பது வேறு. நிகழும் என்பது வேறு. இவை நிகழா என்னும் அறிவையும் இறைவனே நம் உள்ளத்தில் அமைத்துள்ளான் என்பர் அவர். பின்னர் வந்த இப்னு ருஷ்து (1126–1198) இதனை ஏற்கவில்லை; பொருள்களுக்கு இயல்பு இல்லையெனின் அறிவுக்கே இடமில்லை என்று எதிர்வாதம் புரிந்தார். இருவருள் எவர் வென்றார் என்பது மெய்யியலார்க்குரியது. இலக்கிய மாணாக்கர் கொள்ளவேண்டியது ஒன்று: அற்புதத்தை ஏற்ற மரபு ஒழுங்கை மறுத்த மரபு அன்று. ஒழுங்கு இருந்தாலன்றி அற்புதம் அற்புதமாகாது.

இக்காலத்தே இவ்வினா மீண்டும் எழுந்தது. செஸ்டர்டன் 1908-இல் வெளியிட்ட தம் சமயநூலில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் இயல் அமைத்துள்ளார். இரண்டும் ஒன்றும் மூன்றாதல் கட்டாயம். மரம் கனி தருதல் கட்டாயம் அன்று, அது விடாது நிகழும் விந்தை என்பது அவர் கருத்து. கஸ்ஸாலி கூறிய பஞ்சும் செஸ்டர்டன் கூறிய கனியும் ஒரே அறிவுநிலையிலிருந்து பிறந்தவை அன்றோ? மற்றொருபுறம், எச். ஜி. வெல்ஸ் தம் அறிவியற் கதைத் தொகுதிக்கு 1933-இல் எழுதிய முன்னுரையில், எதுவும் நிகழலாம் என்றிருக்கும் கதையில் எதுவும் சுவைக்காது என்னும் கருத்தை வற்புறுத்தினார். நூல் விலங்காகிவிடுமோ என்ற தடைக்குக் கஸ்ஸாலி தேடிய விடையையே, கதைக்கலையின் அளவில் வெல்ஸும் தேடினார் எனலாம்.

2. வியப்பு

வழக்கம் என்பது பொருள்களின் ஒழுங்கு மட்டும் அன்று. நம் கண்ணின் பழக்கமும் ஆகும். 1283-இல் மறைந்த கஸ்வீனி படைப்பின் வியப்புகளைத் தொகுத்து ஒரு பெருநூல் எழுதினார். ஒன்றின் காரணத்தை அறியமாட்டாமையால் உள்ளத்தில் எழும் திகைப்பே வியப்பு என்பர் அவர். அதற்கு அவர் காட்டும் சான்று பறக்கும் குதிரை அன்று, தேனீக் கூடு. அறுகோண அறைகளை அளவு பிறழாது கட்டும் சிற்றுயிர் எவரையும் திகைக்கச் செய்யும். ஆயின் நாளும் கண்டு பழகியவர் திகைப்பதில்லை. எனவே வியப்புக்குப் பகை பழக்கமே என்பது அவர் துணிபு.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை பிறக்கும் நிலைக்களன்களைப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்காகக் கூறினார். முதலில் நிற்பது புதுமை. பழக்கத்தின் மறுதலையே புதுமை என்க. அரபு அறிஞர் கூறியதும் ஆசான் கூறியதும் இவ்விடத்து ஒத்தல் எண்ணி மகிழத்தக்கது.

இதற்கு எடுத்துக்காட்டாக இம்மண்ணையே கொள்ளலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. அது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது நிலவியலார் கணிப்பு. 1940-இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை அறிவுலகிற்கு அறிவித்தார். கடல் இவ்விடம்வரை பரந்திருந்த காலத்தில் அம்மரம் நீரில் வந்து மண்ணுள் புதைந்தது. அரியலூர்க் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறைகளில் கடற்சிப்பிகள் செறிந்து கிடக்கின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லே அப்பகுதிச் சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள். கடலின் அடித்தளத்தின்மீது உழுகின்றோம். கடற்சிப்பியை அரைத்து வீடு கட்டுகின்றோம். ஆயினும் நாம் வியப்பதில்லை. கடல் ஒன்று கரையாகி நின்றதை ஒரு புலவன் பாடியிருப்பின் ‘மிகை’ என்போம். கண்முன் கிடப்பதால் ‘கல்’ என்கின்றோம். கஸ்வீனி கூறிய பழக்கத்தின் ஆற்றல் இதுவே.

டோல்கியன் தேவதைக் கதைகளைக் குறித்து 1939-இல் ஆற்றி, 1947-இல் விரித்து வெளியிட்ட சொற்பொழிவில், இவ்வகைக் கதைகளின் பயன்களுள் ஒன்றாக ‘மீட்பு’ என்பதனைக் கூறினார். பழகிப்போய் நம் உடைமையாகிவிட்ட மரத்தையும் கல்லையும் அப்பத்தையும் மீண்டும் தெளிவாகக் காணச் செய்தலே அம்மீட்பு. கஸ்வீனி தேனீயிடம் தேடியதை டோல்கியன் கதையிடம் தேடினார். ஒருவர்க்குப் படைப்பே போதும். மற்றவர்க்குப் படைப்பைக் காணப் புனைவு வேண்டும். ஒப்புமையும் வேறுபாடும் இவ்விடத்தே தோன்றத் தொடங்குகின்றன.

3. அற்புதத்தின் தரம்

தொதரோவ் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், நிகழ்ந்தது இயற்கையோ இயற்கைக்கு அப்பாற்பட்டதோ எனப் படிப்பவர் தயங்கும் தயக்கமே விந்தை இலக்கியத்தின் உயிர் என்றார். இவ்வளவுகோலைச் சீறாவின்மேல் வைத்தால் அது பொருந்தாது. அங்கே எவரும் அவ்வாறு தயங்குவதில்லை. அங்குள்ள தயக்கம் வேறு வகையினது.

இஸ்லாமிய இறையியல் வழக்கத்தைக் கிழிக்கும் நிகழ்ச்சிகளைத் தரம் பிரித்துள்ளது. நபிமார்வழி நிகழ்வது முஃஜிஸத்து. இறைநேசர்வழி நிகழ்வது கராமத்து. நெறி பிறழ்ந்தவர்க்கு வாய்த்து அவரைப் படிப்படியாக அழிவுக்கு இட்டுச்செல்வது இஸ்தித்ராஜ். கற்றுச் செய்யும் மாயம் சிஹ்ரு என்னும் சூனியம். புறத்தே காண்பார்க்கு நான்கும் ஒன்றுபோல் தோன்றலாம். எவர் இசைவால், எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பதே வேறுபடுத்தும் அளவுகோல். திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபி அரசியின் அரியணையைக் கொணரப் பணித்தபோது, அவர் இருக்கையைவிட்டு எழுமுன் கொணர்வேன் என்று ஜின்களுள் வலிய இஃப்ரீத் ஒருவன் கூற, கண்ணிமைக்குமுன் கொணர்வேன் என வேதஅறிவுடையார் ஒருவர் முன்வந்த செய்தி உளது. வலிமையினும் அறிவு விரைந்தது. அரியணை வந்தபின் சுலைமான் நபி அதனைத் தம் ஆற்றலாகக் கொள்ளாது, நன்றியுடையேனோ என அறிய இறைவன் வைத்த சோதனையாகக் கொண்டார்.

இவ்வளவுகோலைக் கொண்டு சீறாவை நோக்குவோம். திமஸ்கு மன்னன் ஹபீபு மக்கத்திற்கு வந்து சான்று வேண்டுகின்றான். மதி அழைக்கப்பட்டுப் பிளவுறுகின்றது. மதி வந்ததைப் பகைவரும் மறுத்திலர். சூனியம் என்றே கூறினர். நிகழ்ச்சி ஒன்று, பெயர் இரண்டு. முஃஜிஸத்தா, சிஹ்ரா என்னும் இப்பெயர்ப் போரே படலத்தின் முரண். அதனையடுத்து ஹபீபின் மகளாகப் பிறந்த உறுப்பற்ற தசைக்கட்டி பெண்ணுருப் பெறும் நிகழ்ச்சி அம்முரணைத் தீர்க்கின்றது. வானத்து மதியைக் கண்டு சூனியம் எனலாம். துயருற்ற தந்தைக்கு மகளை அளித்த அருளை அவ்வாறு கூற நாவெழுமோ? மதி ஆற்றலைக் காட்டியது; மகள் அவ்வாற்றலின் நோக்கத்தைக் காட்டினாள். இரு படலங்களையும் பிரித்துப் பாடமாக வைப்பவர் புலவரின் கருத்தை இரண்டாக வெட்டுகின்றனர் என்றே சொல்லவேண்டும்.

படலப் பெயர்களும் இதற்குச் சான்றாகும். உடும்பு பேசியதனை ‘உடும்பு பேசிய படலம்’ என்கின்றது நூல். அங்கே பேச்சு சாட்சியம், ஆதலின் பேச்சே சிறப்பு. வேடன் பிணித்த மானும் பேசுகின்றது. எனினும் அப்படலம் ‘மான் பேசிய படலம்’ எனப் பெயர்பெறவில்லை. ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ என்றே வழங்குகின்றது. கன்றுக்குப் பாலூட்டச் சென்ற மான் சொன்னபடி மீண்டது; பெருமானார் அதற்குப் பிணையாக நின்றார். விலங்கு பேசியது வியப்பின் தொடக்கம். விலங்கின் சொல்லை நம்பி ஒருவர் தம்மைப் பிணையாக்கியதும், அது வாய்மை தவறாது வந்ததும் வியப்பின் முடிவு. அதனைக் கண்ட வேடன் மனம் மாறியதே அற்புதத்தின் பயன்.

இக்கால மிகுபுனைவின் சிறந்த நூல்களும் இத்தகைய தரப்பிரிவின்மேல் எழுந்தவையே. டோல்கியனின் ‘மோதிரங்களின் தலைவன்’ (1954–55) என்னும் நூலில் மோதிரம் அணிந்தவர்க்கு ஆற்றல் கிட்டுகின்றது. கிட்டுந்தோறும் அவர் அழிகின்றார். இஸ்தித்ராஜ் என்னும் கருத்தைக் கதையாக்கினால் அதனினும் பொருத்தமான வடிவம் அமைதல் அரிது. அறிவன் கண்டால்ஃப் மோதிரத்தை ஏற்க மறுப்பதற்குக் காரணம் ஆற்றலின்மை அன்று, இசைவின்மை. உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’ என்னும் நூலில் பொருள்களின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கே அவற்றின்மேல் ஆற்றல் உண்டு. இளைஞன் கெட் செருக்கினால் இறந்தவளின் ஆவியை அழைக்கின்றான். நிழலொன்று விடுபட்டு அவனையே வேட்டையாடுகின்றது. ஆதமுக்குப் பெயர்கள் அனைத்தும் கற்பிக்கப்பட்டன என்னும் திருக்குர்ஆன் செய்தியையும், ஹாரூத்து மாரூத்து என்னும் இருவர் ‘நாங்கள் சோதனையே’ என எச்சரித்த பின்னரே மாயம் கற்பித்தனர் என்னும் செய்தியையும் அறிந்தவர்க்கு இக்கதை அயலாகத் தோன்றாது. லெ குவின் தாவோ நெறியில் ஈடுபாடுடையவர். இஸ்லாமிய மரபிலிருந்து இக்கதையைப் பெற்றார் எனக் கொள்ளவேண்டுவதில்லை. ஆற்றலுக்குமுன் இசைவு வேண்டும் என்னும் உண்மைக்குப் பல வழிகள் உள என்பதே கருத்து.

4. சொல் வந்த வழி

மற்றோர் ஒப்புமையும் உண்டு. இஸ்லாமிய மரபில் செய்திக்கு மதிப்பு அதனைக் கூறினோர் தொடரால் அமைகின்றது. உமறுப்புலவர் தாமே புனைந்து பாடத் துணிந்தாரல்லர். அறிஞரிடம் ‘ரிவாயத்து’ எனப்படும் செய்தியுரையைப் பெற்ற பின்னரே பாடினார் என்றும், அவ்வுரையைப் பெற அவர் காத்திருக்க நேர்ந்தது என்றும் வழிவழிச் செய்தி கூறும். தமிழில் 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிரம் மசலா’வும் இத்தகையது. அப்துல்லா இப்னு சலாம் வினவ, பெருமானார் விடைகூறும் முறையில் வானம், பூமி, மறுமை ஆகியவற்றின் விந்தைகளை அது விரிக்கின்றது. அதற்கு ‘அதிசய புராணம்’ என்னும் பெயரும் உண்டு. அவ்வினாவிடை நூலின் அரபு மூலம் 1143-இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. பின்னர் மலாய், சாவகம் முதலிய மொழிகளிலும் பரவியது. அதிசயம் தனித்து வரவில்லை. சொன்னவர் பெயரோடு வந்தது.

இக்கால மிகுபுனைவாளரும் இத்தொடரைத் தேடுகின்றனர். டோல்கியன் தம் கதையைத் தாம் கற்பித்ததாகக் கூறாது, ‘செந்நூல்’ என்னும் பழஞ்சுவடியிலிருந்து எடுத்துப் பெயர்த்தது போல அமைத்தார். அச்சுவடி இல்லை என்பதை ஆசிரியரும் அறிவர், படிப்பவரும் அறிவர். ஆயினும் சான்றின்றி விந்தையைக் கூறல் ஆகாது என்னும் பழைய நாணம் அங்கே வாழ்கின்றது.

இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பவை நம் படைப்போர் நூல்கள். அசனலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’, குஞ்சுமூசுப் புலவரின் ‘செய்யிதத்துப் படைப்போர்’ முதலியன, அலி முதலிய மெய்யான வீரர்களை வரலாற்று நூல்களில் இடம்பெறாத போர்களில் நிறுத்திப் பாடுகின்றன. மாந்தர் மெய், களம் புனைவு. சீறாவோடு இவற்றை ஒருங்கு வைத்தலும் பிழை. வரலாறு அன்று என ஒதுக்கலும் பிழை. தமிழில் மிகுபுனைவுக்கு மிக அணுக்கமான பழைய இலக்கியத்தைத் தேடுவோர் இங்கேதான் தேடவேண்டும்.

5. வேறுபாடு

ஒப்புமை இத்துணைக் கூறினோம். முடிவில் வேறுபாட்டையும் கூறல் கடன். உலகொன்றைப் புதிதாக அமைக்கும் உரிமை மனிதனுக்கு உண்டோ என்னும் வினாவில் இரு மரபும் பிரிகின்றன. டோல்கியன், மனிதன் படைப்பாளனின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆதலின் துணைப்படைப்பு அவனுக்குரியது என்றார். இஸ்லாமிய மரபில் இவ்வினாவுக்குக் கதைவடிவில் கிடைத்த விடைகளுள் ஒன்று ‘திலிஸ்ம்’. அமீர் ஹம்ஸா கதைத்தொடரைச் சேர்ந்த ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ இலட்சுமணபுரியில் 1883 முதல் பல தொகுதிகளாக உருதுவில் அச்சேறியது. அதில் மாயவித்தையாளர் தமக்கென ஓர் உலகைக் கட்டியுள்ளனர். அவ்வுலகுக்கு மலையும் ஆறும் நகரும் விதியும் உண்டு. ஆனால் அது உடைபடுதற்கென்றே கட்டப்பட்ட உலகம். உரியவன் வந்து அதனை உடைத்தலே கதை. கதைசொல்லிகள் மாயவுலகைக் கட்டுவதில் எல்லையற்ற இன்பம் கண்டனர்; கட்டியது நிலையாது என்பதையும் மறந்திலர்.

இன்று இவ்விரு வழிகளும் சந்திக்கின்றன. வில்லோ வில்சன் என்னும் முஸ்லிம் எழுத்தாளர் 2012-இல் வெளியிட்ட ‘மறைவுலக அலிஃப்’ என்னும் ஆங்கில நாவல் 2013-இல் உலக மிகுபுனைவு விருதினைப் பெற்றது. ஜின்கள் அக்கதையில் மாந்தராக வருகின்றனர். பிற வாசகர்க்கு ஜின் ஒரு கற்பனைப் படைப்பு. நம்பிக்கையுடைய வாசகர்க்கோ மறைவுலகில் உள்ள ஓர் உயிர்வகை. ஒரே பக்கத்தை ஒருவர் புனைவாகவும் மற்றவர் மெய்யின்மேல் எழுந்த புனைவாகவும் படிக்கின்றனர். ‘ஜின்கள் ஈமான் கொண்ட படல’த்தைக் கற்கும் நம் வகுப்பறையிலும் இதுவே நிகழ்கின்றது. இருவகை மாணாக்கரும் ஒரே பலகையில் அமர்ந்திருத்தலை ஆசிரியர் மறத்தலாகாது.

ஆதலின் முடிவாக மூன்று கருத்துகளை முன்வைக்கின்றோம். சீறாவின் அற்புதப் படலங்களைக் கற்பிக்கும்போது, நிகழ்ந்ததோ நிகழவில்லையோ என்னும் வினாவை முன்னிறுத்தாது, முஃஜிஸத்து, கராமத்து, இஸ்தித்ராஜ், சிஹ்ரு என்னும் தரப்பிரிவைக் கொண்டு கற்பித்தல் வேண்டும். அது நூலுக்கு அகத்தே உள்ள அளவுகோல். ‘மிகுபுனைவு’ என்னும் பெயரைச் சீறாவுக்குச் சூட்டாது, படைப்போர், கிஸ்ஸா ஆகிய வகைகளை ஆராய்வதற்கே அதனை ஆளுதல் தகும். அந்நூல்களை வரலாற்றின் தட்டிலோ சமயத்தின் தட்டிலோ மட்டும் வைத்து நிறுத்தாது, இலக்கியமாகப் பதிப்பித்தல் வேண்டும். ம. மு. உவைஸ் போன்ற அறிஞர் அவற்றை வரலாற்றில் இடம்பெறச் செய்தனர். சொற்பொருளும் பாடவேறுபாடும் கதைமரபும் விளக்கிய செம்பதிப்புகளை உருவாக்குதல் நம் தலைமுறைக்குரிய பணி.

அற்புதத்தைக் கற்பனை என்று தள்ளுவாரும் கற்பனை என்று கொள்ளுவாரும் அதனிடம் கேட்கவேண்டிய வினாவைக் கேளாது விடுகின்றனர். மதி எவ்வாறு பிளந்தது என்று உமறு கூறினார் அல்லர். எவர்பொருட்டு என்றே கூறினார். மான் எம்மொழியில் பேசிற்று என்பதும் அவர்க்குப் பொருட்டன்று. சொன்ன சொல்லைக் காத்தது என்பதே பொருட்டு. ஆற்றலைக் கண்டு திகைப்பது எளிது. அதன் உரிமையை வினவுதல் அரிது. அவ்வரிய வினாவினைத் தமிழில் 5027 பாடல்களால் எழுப்பிய நூலை, அவ்வினாவோடு கற்பதே கல்வியாகும்.